கல்லூரிப் பேட்டியும் கிராமத்து மாணவரின் ஆளுமையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால், நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலும் அதனைச் சூழ்ந்துள்ள கிராமங்களிலும் சில வாரங்களுக்கு ஒரே பேச்சுத்தான். இன்னார் மகனுக்கு எத்தனை மதிப்பெண், இன்னார் மகளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதே தேநீர்க் கடையிலும் களத்துமேட்டிலும் விவாதிக்கப்படும் பொருள். மதிப்பெண் முக்கியமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மதிப்பெண்ணோடு நில்லாமல், மாணவரை நேரில் அழைத்து, எதிரே அமரச் செய்து, சில வினாக்களை வினவி, அவர் எத்தகையவர் என்று அறிந்த பின்னரே இடம் அளிக்கும் கல்விக்கூடங்களும் நம் நாட்டில் இருக்கின்றன. அந்நிகழ்ச்சிக்கே பேட்டி என்றும் நேர்முகத் தேர்வு என்றும் பெயர். அதில் மாணவர் தமது ஆளுமையை எங்ஙனம் விளங்கச் செய்வது, அதற்குப் பெற்றோரும் பஞ்சாயத்தும் எவ்வாறு துணை நிற்கலாம் என்பவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

விவசாயத்தையும் சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேசும் இவ்விதழில் கல்லூரிப் பேட்டிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நெய்வேலியைச் சுற்றிலும் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த குடும்பங்கள் பல. நிலமே ஆஸ்தியாக இருந்த வீடுகளில் இன்று அந்த ஆஸ்தியின் இடத்தில் பிள்ளையின் படிப்பு வந்து நிற்கிறது. நிலம் உள்ள வீடுகளிலும் நான்கு மக்களுக்குப் பங்கிட்டால் ஒருவருக்கும் போதாத நிலையே காணப்படுகிறது. ஏர் பிடிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்த நாம், கல்லூரி வாயிலில் நின்று நாலு வார்த்தை தெளிவாகப் பேசவும் கற்றுத் தருதல் வேண்டும். ஆகவே இது கிராம வளர்ச்சிக்கு உரிய விஷயமே ஆகும்.

பேட்டி எங்கே உண்டு, எங்கே இல்லை

முதலில் ஒரு தெளிவு அவசியம். தமிழ்நாட்டில் பொறியியற் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பேட்டி கிடையாது. 1984 முதல் தொழிற்கல்விக்கு நடைபெற்று வந்த நுழைவுத் தேர்வும், 2006-ஆம் ஆண்டில் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் பயனாக 2007 முதல் நீங்கிற்று. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை வகுக்கப்பட்டு, கலந்தாய்வு மூலம் இடம் ஒதுக்கப்படுகிறது. கலந்தாய்வு என்னும் பெயரைக் கேட்டு, அங்கே ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள் என்று அஞ்சுவோரைக் கிராமங்களில் இன்னமும் காண்கிறோம். அவ்வச்சம் வேண்டியதில்லை. அது கல்லூரியையும் பாடப் பிரிவையும் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடேயன்றி மாணவரைச் சோதிக்கும் ஏற்பாடன்று. மருத்துவக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் நீட் தேர்வின் தரவரிசைப்படியே நிரப்பப்படுகின்றன. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் பேட்டி இல்லை. இவற்றுக்கெல்லாம் பேட்டிப் பயிற்சி தருவதாகக் கூறிப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

பேட்டி உள்ள இடங்களும் உண்டு. புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, நீட் மதிப்பெண்ணுக்குப் பின் மாணவரை நேரில் அழைத்துப் பேட்டி காண்கிறது. தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண். அதன் பின் தேர்வுக் குழுவின் முன் ஐந்து நாட்கள் நடைபெறும் சோதனைக்கும் பேட்டிக்கும் 900 மதிப்பெண். இந்தூரிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகம் 2011 முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்கென நடத்திவரும் ஐந்தாண்டுப் படிப்புக்கும் பேட்டி உண்டு. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தேர்வோடு பேட்டியும் நடத்துகிறது. சென்னைக் கலாக்ஷேத்திராவில் நடனமும் இசையும் பயில விரும்புவோரும் ஆசிரியர் முன் நேரில் தோன்ற வேண்டும். தனியார் கல்லூரிகளிலும் கலைக் கல்லூரிகளிலும் சிறு பேட்டி வைப்போர் உளர். விண்ணப்பிக்கும்போதே, அக்கல்லூரியின் விளக்கக் குறிப்பில் பேட்டி பற்றிய பகுதியைப் படித்தறிவது முதற்கடமை.

பழைய வழக்குகள் கற்பிக்கும் பாடம்

மாணவர் சேர்க்கையில் பேட்டிக்கு மதிப்பெண் அளிக்கும் முறை ஒருகாலத்தில் நம் மாநிலத்திலும் இருந்தது. அது நீங்கியதற்குக் காரணங்கள் உண்டு. பேட்டியின் இயல்பை அறிவதற்கு அவ்வரலாறு உதவும்.

1964-இல், மைசூர் மாநிலத்துப் பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய சித்ரலேகா வழக்கில், பேட்டி முறை தன்னளவில் தவறன்று என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிய பெரியகருப்பன் வழக்கு எழுந்தது. 1970-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் பேட்டிக்கு 75 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்துக்கு அப்பாற்பட்ட தொண்டு, உடல் நிலையும் தாங்கும் வலிமையும், பொதுத் திறமை, இயல்பான நாட்டம் என ஐந்து தலைப்புகள் விதிக்கப்பட்டிருந்தன. ஆனால் தேர்வுக் குழுவினர் தலைப்பு வாரியாக மதிப்பெண் இடாமல் மொத்தமாக ஒரே தொகையாக இட்டுவிட்டனர். அது சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் கண்டித்தது.

அதன் பின் 1980-இல் சிறீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரியைப் பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் தீர்ப்பு வந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, பேட்டிக்கு 50 என மதிப்பெண் வகுத்திருந்தனர். பேட்டியோ ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடங்களே நடந்தது. அதிலும் தந்தையார் யார், எவ்வூர் என்பன போன்ற வினாக்களே கேட்கப்பட்டன என்பது வழக்காடியோர் கூறிய குறை. பேட்டிக்கு மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமன்று என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, பேட்டியை ஒலிப்பதிவு செய்வது நன்று என்றும் யோசனை கூறிற்று.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு முதலிய பெருங்கல்லூரிகள் 1920-களில் குணநலன், ஆளுமை என்னும் அளவுகோல்களைப் புகுத்தியதன் நோக்கங்களுள் ஒன்று யூத மாணவரின் தொகையைக் குறைப்பது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆளுமை என்னும் சொல்லைத் திறமையைக் காணும் கண்ணாடியாகவும் பயன்படுத்தலாம். வேண்டாதவரைத் தள்ளும் சல்லடையாகவும் பயன்படுத்தலாம். ஆகவே பேட்டிக்கு அளவும் விதியும் வேண்டும் என்று நம் மாநிலத்து மக்கள் கருதியதில் வியப்பில்லை.

இவ்வழக்குகளிலிருந்து நம் மாணவர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, பேட்டிக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியதாக இருக்கக்கூடும். எனவே முதல் விடையிலேயே சாரம் இருத்தல் வேண்டும். இரண்டாவது, நல்ல பேட்டிக் குழுவினர் தலைப்புத் தலைப்பாகவே மதிப்பிடுகின்றனர். ‘நான் நல்லவன், உழைப்பாளி’ என்னும் பொதுச் சொல்லுக்கு எந்தத் தலைப்பிலும் மதிப்பெண் இட இயலாது. விளையாட்டா, தொண்டா, நாட்டமா என்று அவர்கள் இடுவதற்கு ஏற்ற செய்தியை மாணவரே எடுத்துக் கொடுத்தல் வேண்டும்.

ஆளுமை என்பது யாது?

ஆளுமை என்றவுடன் மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் காலணி, தடையில்லாத ஆங்கிலம் ஆகியவையே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. இவை இருந்தால் தவறில்லை; ஆயின் இவை ஆளுமை ஆகா. ஒருவர் எவற்றைக் கண்டிருக்கிறார், எவற்றைத் தம் கையால் செய்திருக்கிறார், கண்டதையும் செய்ததையும் பற்றி என்ன எண்ணுகிறார், தெரியாததைச் சந்திக்கும்போது எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பவற்றின் தொகுதியே ஆளுமை. அதைப் பேட்டியின் முதல் நாள் கடையில் வாங்க இயலாது. பல ஆண்டுகளாகச் சேர்ந்திருப்பதை அன்று எடுத்துக் காட்டத்தான் இயலும்.

இராமேசுவரத்தில் படகு கட்டிய குடும்பத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வாழ்க்கையில் இதற்குச் சான்று உண்டு. அவர் சென்னையில் வானூர்திப் பொறியியல் பயின்ற பின், தேராதூனில் விமானப்படைத் தேர்வுக் குழுவின் முன் தோன்றினார். 25 பேர் சோதிக்கப்பட்டனர், எடுக்கப்பட்டோர் எண்மர், அவர் ஒன்பதாமவராக நின்றார். அங்கே அறிவைவிட ஆளுமைக்கே முதன்மை தரப்பட்டது என்று தம் வரலாறான ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் அவர் குறிப்பிட்டுள்ளார். பின்னர்ப் பெங்களூரில் பணியாற்றுகையில், தரைக்கு மேல் காற்று மெத்தையில் செல்லும் ‘நந்தி’ என்னும் ஊர்தியைத் தம் குழுவினரோடு உருவாக்கினார். அதைப் பார்வையிட்ட அறிவியலறிஞர் எம்.ஜி.கே. மேனன் பல கேள்விகள் கேட்டுச் சென்றார். அதனைத் தொடர்ந்து விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து அவருக்குப் பேட்டி அழைப்பு வந்தது. பம்பாயில் விக்ரம் சாராபாய் முதலியோர் அவரைப் பேட்டி கண்டனர். தமக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று துருவாமல், தம்மால் என்ன ஆகக்கூடும் என்பதையே அவர்கள் ஆராய்ந்தார்கள் என்று கலாம் எழுதியுள்ளார்.

இவை வேலைக்கான பேட்டிகளே எனினும், கல்லூரிப் பேட்டிக்கும் பொருந்தும் உண்மைகள் இவற்றில் உள்ளன. ஒரு பேட்டியில் இடம் கிடைக்காமற்போவது அம்மனிதரைப் பற்றிய முடிவான தீர்ப்பு அன்று. தவிரவும், இரண்டாம் பேட்டிக்குச் சென்றபோது கலாம் அவர்களிடம் பேசுவதற்கு ‘நந்தி’ இருந்தது. தம் கையால் செய்த ஒன்று இருந்தது. செய்த வேலை உள்ளவருக்குச் சொல் பஞ்சம் வருவதில்லை.

கிராமத்து மாணவரின் மௌனம்

நகரியத்துப் பள்ளி மாணவரும் அண்டைக் கிராமத்து மாணவரும் ஒரே மதிப்பெண் பெற்றிருக்கலாம். பேட்டி அறையில் மட்டும் ஒருவர் பேசுகிறார், மற்றவர் தலைகுனிந்து நிற்கிறார். இதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. பழக்கக் குறைவே காரணம். நகரியத்தில் பல மாநிலத்தவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அங்கே வளரும் பிள்ளை புதியவரோடு பேசப் பழகிவிடுகிறது. கிராமத்தில் பெரியோர் பேசும்போது பிள்ளைகள் வாய் திறவாமல் இருப்பதே மரியாதை என்று வளர்க்கிறோம். பதினேழு ஆண்டுகள் ‘நீ சும்மா இரு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளையை, மூன்று பேராசிரியர் முன் அமர்த்தி, ‘உமது கருத்து யாது?’ என்று கேட்டால் அது எங்ஙனம் விடை கூறும்? பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் கடினம். பள்ளியில் தலைமையாசிரியர் கேட்கும் கேள்விக்குக்கூட மகளுக்காகத் தந்தையே விடை கூறுவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். அன்பினால் செய்வதே ஆயினும், அது மகளின் நாவைக் கட்டிவிடுகிறது. ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பது நம் பழமொழி. அந்த வாயைத் திறக்க விடுவது பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

நம் சுற்றுப்புறமே பெருஞ்செல்வம்

பேட்டியில் பெரும்பாலும் முதலில் கேட்கப்படும் வினா, ‘உம்மைப் பற்றியும் உமது ஊரைப் பற்றியும் சொல்லும்’ என்பதாகும். இதற்கு இருவகை விடைகளை எண்ணிப் பார்ப்போம்.

ஒரு மாணவர் கூறுகிறார்: ‘எங்கள் ஊர் அழகிய கிராமம். மக்கள் ஒற்றுமையாக வாழ்கின்றனர். விவசாயமே எங்கள் முதுகெலும்பு.’ இவ்விடையைத் தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துக்கும் பொருத்தலாம். ஆகவே இது எந்த மாணவரையும் காட்டுவதில்லை.

மற்றொருவர் கூறுகிறார்: ‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பரில் வீசிய தானே புயலில் பழைய மரங்கள் வீழ்ந்துவிட்டன என்று அப்பா சொல்வார். பின்னர் ஒட்டுக் கன்றுகள் நட்டோம். பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசு தாக்கினால் பூங்கொத்து கருகிவிடும். ஆகையால் மூன்று ஆண்டுகளாக எந்த வாரத்தில் பூச்சி வருகிறது என்று நான் நோட்டில் குறித்து வருகிறேன்.’ இவர் ஐந்து வாக்கியங்களே பேசினார். அதற்குள் அவருடைய குடும்பம், அது பட்ட துன்பம், அவருடைய கவனிப்பு, பொறுப்பு, அறிவியல் நாட்டம் ஆகிய அனைத்தும் வெளிப்பட்டுவிட்டன. கேட்போருக்கு அடுத்த வினாவும் தானே கிடைக்கிறது: ‘குறித்து வைத்ததில் என்ன கண்டீர்?’ அவர் உண்மையாகவே குறித்து வந்தவராயின் அந்த வினா அவருக்கு ஊக்கமே அளிக்கும்.

நெய்வேலிப் பகுதி மாணவருக்கு இத்தகைய செய்திகளுக்குக் குறைவே இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் அவர்களின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957-இல் சுரங்க வேலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். இவ்வரலாற்றை ஊர்ப் பெரியோர் வாயிலாகவே கேட்கலாம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதனைத் தொலைவிடங்களுக்கு ஏற்றிச் செல்வது கட்டாது. ஆகையால் சுரங்க வாயிலிலேயே மின் நிலையங்கள் அமைந்தன. நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள மணற் படுகையில் நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடில் சுரங்கத்தின் தரையையே அது பெயர்த்துவிடும். எனவே குழாய்க் கிணறுகள் இராப்பகலாக இயங்குகின்றன. சுரங்க நீரின் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குச் சென்று வயல்களுக்குப் பாய்கிறது. இவ்வளவையும் அன்றாடம் கண்ணால் காணும் மாணவர், பொறியியலையோ நிலநூலையோ பொருளாதாரத்தையோ பயில விரும்பினால், அவருக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறு எங்கே கிடைக்கும்?

நன்மையை மட்டுமே சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. ‘சுரங்கத்தால் வேலையும் மின்சாரமும் வந்தன, எங்கள் கிணற்றில் நீர் கீழே இறங்கிவிட்டது, இரண்டையும் எப்படிச் சரிக்கட்டுவது என்று அறியவே இப்படிப்பை விரும்புகிறேன்’ என்று தாம் கண்டதை நிதானமாகச் சொல்லும் மாணவரைப் பேராசிரியர்கள் மதிப்பார்கள். தொண்டில் நாட்டமுள்ள மாணவருக்கு வடலூர் அருகிலேயே இருக்கிறது. 1867-இல் வள்ளலார் நிறுவிய தருமசாலையில் பசித்தோருக்கு உணவளிக்கும் பணி இன்றும் நடைபெறுகிறது. அங்கே பந்தியில் பரிமாறி, கூட்டத்தை ஒழுங்குபடுத்திய அனுபவம் உள்ளவர், அதனைச் சிறிதென்று எண்ணி மறைத்தல் ஆகாது.

தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசுவதும் நம் மாணவரிடம் காணும் குறை. கூலி வேலை, ஒப்பந்தத் தொழில், ஆடு மேய்த்தல், முந்திரி உடைத்தல் எதுவாயினும் தெளிவாகச் சொல்லலாம். முந்திரித் தோல் எண்ணெய் கையைப் புண்ணாக்கும் என்பதையும், தாயார் அதற்கு என்ன உபாயம் செய்கிறார் என்பதையும் அறிந்த பெண், பல புத்தகங்களில் இல்லாத அறிவை உடையவர்.

பேட்டி அறையில் கடைப்பிடிக்க வேண்டியவை

மனப்பாடம் செய்த விடை வேண்டாம். வேறொருவர் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தால் இரண்டாம் வினாவிலேயே அது வெளிப்பட்டுவிடும். சொல்ல வேண்டிய செய்திகளை மட்டும் மனத்தில் கொண்டு, வாக்கியங்களை அந்த இடத்திலேயே அமைத்துக் கொள்வது நன்று.

பொய் கூறுதல் கூடாது. படிக்காத நூலைப் படித்ததாகவும் ஆடாத ஆட்டத்தை ஆடியதாகவும் கூறுவோர், அடுத்த வினாவில் அகப்பட்டுக் கொள்வர். அதன்பின் கூறும் மெய்யும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

தெரியாத வினாவுக்குத் ‘தெரியாது, ஐயா’ என்று சொல்வதில் இழிவில்லை. அதனோடு நில்லாமல், ‘ஆனால் இவ்வாறு இருக்கலாமோ என்று எண்ணுகிறேன்’ என்று தம் ஆராய்ச்சியையும் தொடங்கினால் இன்னும் நன்று. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேட்டியும் ஒரு சிறு பாடம் போன்றே நடத்தப்படுகிறது. புதிய செய்தி ஒன்றைக் கொடுத்து, மாணவர் அதைப் பற்றி எவ்வாறு எண்ணிச் செல்கிறார் என்பதையே ஆசிரியர்கள் கவனிக்கின்றனர். விடையைக் காட்டிலும் விடையை நோக்கி நடக்கும் நடையே அங்கு மதிப்புப் பெறுகிறது.

வினா விளங்காவிடில், ‘மறுபடியும் கூற வேண்டுகிறேன்’ என்று பணிவோடு கேட்கலாம். ஆங்கிலம் தடைப்பட்டால் சிறு சிறு வாக்கியங்களாகப் பேசலாம். தமிழில் விடை கூற அனுமதி உண்டா என்று கேட்டறிவதும் தவறன்று. இலக்கணப் பிழையுள்ள உண்மையான விடை, பிழையற்ற வெறும் விடையினும் மேலானது.

‘இக்கல்லூரியில், இப்பாடத்தை ஏன் விரும்புகிறீர்?’ என்னும் வினா தவறாமல் வரும். ‘நல்ல வேலை கிடைக்கும்’ என்பது உண்மையே ஆயினும், அதோடு முடித்துவிடக் கூடாது. அக்கல்லூரியில் என்ன கற்பிக்கிறார்கள் என்று முன்பே படித்து, தாம் கண்ட ஏதேனும் ஒன்றோடு அதனை இணைத்துச் சொல்லல் வேண்டும்.

உடை துவைத்துத் தூய்மையாக இருந்தால் போதும், புதியது வேண்டியதில்லை. நேராக அமர்ந்து, கேட்பவரின் முகத்தை நோக்கிப் பேசுதல் வேண்டும். நம் ஊரில் பெரியோரின் கண்ணை நோக்காதது பணிவின் அடையாளம். பேட்டி அறையிலோ அது அச்சம் என்று கருதப்படக்கூடும். பாதுகாப்புப் படைத் தேர்வில் பலகை, கயிறு, பீப்பாய் ஆகியவற்றைக் கொண்டு குழுவாகத் தடை தாண்டும் சோதனைகளும் உண்டு. அங்கே ஆணையிடுவோர் மட்டுமன்றி, பிறர் சொல்லைக் கேட்டு நல்ல யோசனையை ஏற்போரும் கவனிக்கப்படுகின்றனர். வாய்க்கால் வெட்டவும் தேர் இழுக்கவும் கூடி நின்ற இளைஞருக்கு அது புதிதன்று.

பஞ்சாயத்தும் பெற்றோரும் செய்யத்தக்கவை

முதலாவதாக, பேசும் வாய்ப்பை ஊரிலேயே அளிக்கலாம். நம் மாநிலத்தில் 2022 முதல் கிராம சபைக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை என்று வகுக்கப்பட்டது. வாக்குரிமை பெறாத மாணவர் தீர்மானத்தில் பங்கு கொள்ள இயலாது. எனினும் தலைவரின் அனுமதியோடு, ஊர்க் குளத்தின் நிலை, பள்ளியின் தேவை போன்ற ஏதேனும் ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் அறிக்கை வாசிக்க ஒரு மாணவனையும் ஒரு மாணவியையும் அழைப்பதற்குத் தடையில்லை. இருநூறு பேர் முன் பேசிய பிள்ளை மூவர் முன் நடுங்காது.

இரண்டாவதாக, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கோடை விடுமுறையில் ஒத்திகைப் பேட்டி நடத்தலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர், கிராமச் செவிலியர், நகரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் என மாணவருக்கு உறவல்லாத மூவர் குழுவாக அமர்ந்தால் போதும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, பின்னர் எந்த விடை தெளிவாக இருந்தது, எது வெறுஞ்சொல்லாக இருந்தது என்று அன்போடு எடுத்துக் கூறுதல் வேண்டும். பரிகாசம் செய்தால் பயன் கெடும்.

மூன்றாவதாக, ஒன்பதாம் வகுப்பு முதலே ஒவ்வொரு மாணவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தாம் செய்த வேலை, படித்த நூல், கலந்துகொண்ட போட்டி, எழுந்த ஐயம் ஆகியவற்றைத் தேதியோடு குறித்து வரலாம். பேட்டிக்கு முதல் நாள் அதைப் படித்தால் அதுவே சிறந்த ஆயத்தம். சாதி, வருமானச் சான்றுகளையும் விளையாட்டு, மாணவர் படைச் சான்றுகளையும் ஒரே உறையில் பாதுகாத்தால் கடைசி நேர அலைச்சலும் குறையும்.

நான்காவதாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தோப்பை இவ்வாண்டு குத்தகைக்கு விடலாமா, எந்த விதை வாங்கலாம், ஆழ்குழாய்க் கிணறு அமைக்கலாமா என்று வீட்டில் பேசும்போது மகனையும் மகளையும் ‘நீ என்ன நினைக்கிறாய்? ஏன்?’ என்று கேளுங்கள். முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் காரணம் சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு வந்துவிடும். பேட்டிக்கு அழைத்துச் செல்லும்போது, அறை வாயிலோடு நின்றுவிடுங்கள். வெளியே வந்ததும் ‘என்ன சொன்னாய்?’ என்று கடிந்து விசாரிக்காமல், முதலில் உணவருந்தச் செய்யுங்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிடினும் பிள்ளை முயன்றதே ஊருக்கு ஆதாயம்; அதன் அனுபவம் அடுத்து வரும் பிள்ளைக்கு வழிகாட்டும்.

பேட்டி முறை நியாயமாக நடைபெற வேண்டும் என்று கோருவது நமது உரிமை. அதில் நம் பிள்ளைகள் நிமிர்ந்து அமர்ந்து விடை கூறும்படி செய்வது நமது கடமை. நெய்வேலி மண்ணின் அடியில் கிடந்த பழுப்பு நிலக்கரி யாரும் புதிதாகப் படைத்ததன்று, அங்கேயே கிடந்தது, மேலே மூடியிருந்த மண்ணை அகற்றியவுடன் நாட்டுக்கு ஒளி தந்தது. நம் கிராமத்துப் பிள்ளைகளின் ஆளுமையும் அத்தகையதே. அவர்கள் மீது படிந்துள்ள கூச்சத்தையும் மௌனத்தையும் அகற்றும் நற்பணியைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இக்கோடையிலேயே தொடங்குவார்களாக.